“சாப்பிட்டியா?” என்று கேட்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

என் மனைவிக்கு இது பத்தாவது வாரம். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது வாந்தி, தண்ணீர்கூடத் தங்குவதில்லை. 54 கிலோ இருந்தவள் இப்போது 50. அம்மா, “நாலு பெத்தேன், மசக்கையோடதான் நாத்து நட்டேன்” என்கிறார். மாமியார் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார். நான் வேலை முடிந்து வந்து “ஏதாவது சாப்பிட்டியா?” என்று கேட்டால் அழுகிறாள். நேற்று “இந்தக் குழந்தையே எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். கோபப்பட்டுக் கத்திவிட்டேன். நான் என்ன செய்ய?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

54 கிலோவில் 4 குறைந்தால் அது ஏழு விழுக்காட்டுக்கும் மேல். ஐந்து விழுக்காடு குறைந்தாலே மருத்துவர்கள் அதைச் சாதாரண மசக்கை என்று விடமாட்டார்கள். ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, நூறு கர்ப்பிணிகளில் அதிகம் போனால் மூன்று பேருக்கு வரும். உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை, அவருக்கு வந்தது மசக்கை. உங்கள் மனைவிக்கு வந்திருப்பது அதுவல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும், ஆனால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள், இதைப் படித்ததும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நீங்களும் உள்ளே போய்ப் பேசுங்கள். எனக்கு இரண்டாவது குழந்தையின்போது இதே நிலை. ஓர் ஆஸ்பத்திரியில் “ஊர்ல நீங்க மட்டுந்தான் பிள்ளை பெறுறீங்களா?” என்று கேட்டார்கள், பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. என் வீட்டுக்காரர் சத்தம் போடாமல், “நேத்துக் காலையிலேர்ந்து ஒரு தடவைதான் யூரின் போயிருக்கா, அதுவும் கட்டங்காப்பி நிறத்துல” என்றார். அதற்குப் பிறகுதான் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதனால் எத்தனை வாந்தி, எத்தனை தடவை சிறுநீர், எவ்வளவு எடை என்று தினமும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, எழுந்தால் மயக்கம் வருகிறது, வாந்தியில் ரத்தம் என்றால் நேரம் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். இன்னொன்று, வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவர்களுக்கு உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. “தயமின் கொடுத்தாச்சா டாக்டர்?” என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

மாத்திரை வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பயம் எங்கிருந்தோ முளைத்ததில்லை. 1950களின் கடைசியில் இதே குமட்டலுக்கு வெளிநாடுகளில் கொடுத்த தாலிடோமைடு மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்கள். ஆனால் இப்போது முதலில் எழுதித் தரும் டாக்ஸிலமின், பி6 சேர்ந்த மாத்திரை பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து பார்க்கப்பட்டது.

அவள் சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். தாய்க்கு அடிமனதில் குழந்தை பிடிக்காததால்தான் இப்படி வாந்தி வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள், எத்தனை பெண்களை அது குற்றவாளியாக நிறுத்தியிருக்கும்! 2023 டிசம்பரில் வந்த ஆய்வு வேறு விஷயம் சொன்னது: நஞ்சுக்கொடியும் கருவும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் ஏறுகிறது, கர்ப்பத்துக்கு முன்பு அது குறைவாக இருந்த பெண்களை அந்த ஏற்றம் மோசமாகத் தாக்குகிறது. அந்த ஆய்வில் முக்கியப் பங்கு வகித்த மார்லீனா ஃபெஜ்ஸோ, 1999இல் இதே நோயால் தன் கருவை இழந்தவர். உங்கள் மனைவி வேண்டாம் என்றது குழந்தையையா, இந்த வேதனையையா என்று அவளுக்கே இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. கத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அவள் அப்படிச் சொன்னதை மருத்துவரிடமும் சொல்லுங்கள், மூடி மறைக்க வேண்டிய விஷயமில்லை.

வீட்டில் முதலில் வாடையைத் துரத்துங்கள். வெங்காயம் தாளித்தாலும், ஏன், சோறு கொதித்தாலுமே எனக்குக் குடல் புரளும். என் வீட்டுக்காரர் இண்டக்‌ஷன் அடுப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்ச் சமைத்தார், சோப்பை மாற்றினார், எச்சில் துப்ப ஒரு எவர்சில்வர் சொம்பைக் கட்டிலடியில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் தினமும் கழுவி வைத்தார். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கவே மாட்டார். கொஞ்சம் பொரி, ஒரு கிண்ணத்தில் ஐஸ் கட்டி, அவ்வளவுதான், வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தொட்டிருந்தால் சரி, தொடாவிட்டாலும் சரி. அந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் நான் தோற்றுப்போனேனா என்று கேட்பதுபோல இருக்கும், தம்பி.

“இன்னும் ரெண்டு வாரந்தான்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பலருக்கு இருபது வாரத்துக்குள் தணியும், சிலருக்குப் பிரசவம் வரை போகும். அம்மாவிடமும் மாமியாரிடமும் நீங்களே பேசுங்கள், அவளைப் பேச விடாதீர்கள். பகலில் யார் அவளோடு இருப்பது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள், லீவு கிடைத்தால் போடுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அக்கா