பின்கதவுக் கண்ணாடியைக் கழற்றணுமா? கேள்விகளும் என் பதில்களும்

தண்டையார்பேட்டையில் கார்க் கதவு வேலை பார்ப்பவன் நான். கண்ணாடி ஏறவில்லை, இறங்கவில்லை, ஆடுகிறது, தண்ணீர் ஒழுகுகிறது என்று வரும் வண்டிகள்தான் என் பிழைப்பு. கூலிங் ஃபிலிம் ஒட்டுவது என் தம்பி. இருவருக்கும் ஒரே ஷெட். பின்கதவுக் கண்ணாடியைக் கழற்றி ஃபிலிம் ஒட்டுவது பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். வெயில் ஏற ஆரம்பித்ததாலோ என்னவோ, கேள்விகள் கொட்டிவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கொருக்குப்பேட்டை, ஸ்விஃப்ட்: அண்ணே, பின்கதவுக் கண்ணாடியைக் கழற்றித்தான் ஒட்டணும், அதற்குத் தனிக் கூலி என்று கடையில் சொல்கிறார்கள். நிஜமா?

பெரும்பாலான வண்டிக்குத் தேவையே இல்லை தம்பி. கை பழகியவர் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, மேல் ஓரத்தை மயிரிழை இடம் விட்டு வெட்டி ஒட்டுவார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, அடிப்பக்க ஃபிலிமை உள் பீடிங்குக்குள், அதாவது கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் உள்ள ரப்பர் பட்டைக்குள், செருகி, தண்ணீரை வழித்து வெளியே தள்ளுவார். பீடிங் ரொம்ப இறுக்கமாக இருந்தால் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை மட்டும் கழற்றினால் போதும். கண்ணாடி அதன் இடத்திலேயே இருக்கும்.

கழற்ற வேண்டிய நேரமும் உண்டு. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் போய் எப்படியும் கதவைப் பிரிக்கப் போகிறோம் என்றால் கையோடு ஒட்டிவிடலாம். பழைய ஃபிலிமின் பசை பீடிங்குக்குக் கீழே காய்ந்து கிடந்தாலும் கழற்றுவது நல்லது. இன்னொன்று, பின்கதவில் முக்கோணமாக ஒரு சின்ன அசையாக் கண்ணாடி இருக்குமே, குவார்ட்டர் கிளாஸ், அதற்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவே நிற்கும் பட்டையின் ரப்பர் கெட்டு மண் சேர்ந்திருந்தால், புது ஃபிலிம் ஏறி இறங்கும்போது கோடு கோடாகக் கீறிவிடும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஒட்டுவது காசுக்குக் கேடு.

உங்கள் கடைக்காரரிடம் "எதற்காகக் கழற்றணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காரணம் சொன்னால் கொடுங்கள். "அப்படித்தான் சார்" என்றால் வேறு கடை பாருங்கள்.

பெரம்பூர், ஐ20: 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் சட்டப்படி சரி என்று கடையில் சொன்னார்கள். போலீஸ் பிடிக்காதா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆம் விதி, முன் பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீத வெளிச்சமும் வரவேண்டும் என்கிறது. அது ஃபிலிமின் அளவு இல்லை. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த அளவு. கம்பெனிக் கண்ணாடியிலேயே லேசான பச்சை நிறம் இருக்கும். அது 75 சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 50 ஃபிலிம் ஒட்டினால் 75-இல் பாதி, அதாவது முப்பத்தேழரை. 50-க்குக் கீழே போய்விட்டது. 70 ஃபிலிம் ஒட்டினால்தான் ஐம்பத்திரண்டரை வரும், அதுவும் மயிரிழையில். கடையில் "50" என்று அட்டையைக் காட்டும்போது இந்தப் பெருக்கலை யாரும் சொல்வதில்லை.

இனி வழக்கு. உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று, எத்தனை சதவீதமானாலும் கண்ணாடிமேல் ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. அந்த ஆண்டு மே 4 முதல் அமல். ஊரெல்லாம் நடுரோட்டில் நிறுத்திக் கிழித்தார்களே, அது அப்போதுதான். அப்புறம் 100-ஆம் விதியே திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் உட்புறம் பிளாஸ்டிக் படலம் உள்ள கண்ணாடியும் விதிக்குள் வந்தது. அதை வைத்து, அந்த 70-50 அளவு கெடாமல் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. ஆனால் அது கேரளத் தீர்ப்பு. மூலக்கடை சிக்னலில் வெயிலில் நிற்கும் போலீஸ்காரரிடம் அதைப் படித்துக் காட்டி ஜெயிக்க முடியாது. என்னிடம் கருப்பு ஃபிலிம் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் முகம் தெரியணும். அதற்குமேல் ஒட்டிக்கொண்டால் உங்கள் பொறுப்பு.

அதே ஐ20: அப்போ கருப்பாக இல்லாத ஃபிலிம் சூட்டைக் குறைக்குமா அண்ணே?

குறைக்கும். வெயில் கொண்டுவரும் சூட்டில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதை வடிகட்டும் செராமிக் வகை ஃபிலிம் பார்க்கத் தெளிவாகவே இருக்கும், விலைதான் கூட. சாயம் போட்ட மலிவு ஃபிலிம் கருப்பாக இருக்குமே தவிர, அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. நாளடைவில் ஊதா நிறமாகவும் மாறிவிடும்.

திருவொற்றியூர், டிசையர்: நானே கழற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வரிசையாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்கிக்கொள்ளுங்கள். டோர் பேட் கிளிப் ஒரு பத்து முன்னாலேயே வாங்கி வையுங்கள். எத்தனை பதமாக இழுத்தாலும் இரண்டு உடையும்.

உள் கைப்பிடிக் கிண்ணத்திலும், கதவை இழுத்துச் சாத்தும் பிடியின் அடியிலும் ஸ்டார் ஸ்குரூ இருக்கும். சின்ன பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். அவற்றைக் கழற்றிவிட்டு, பேடின் அடி ஓரத்தில் பிளாஸ்டிக் நெம்பியைக் கொடுத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். இரும்பு ஸ்குரூ டிரைவர் வேண்டாம், பெயின்ட் போகும். எல்லாம் விட்டதும் பேடை மேல்நோக்கித் தூக்கினால் வரும். ஸ்விட்ச் வயரைப் பிடுங்காதீர்கள். கனெக்டரின் நாக்கை அழுத்தினால் அதுவே கழன்றுவிடும்.

அடுத்து ஒரு பிளாஸ்டிக் ஷீட், கருப்புப் பசையில் ஒட்டியிருக்கும். நிறையப் பேர் இதைச் சரக்கென்று கிழித்துவிடுகிறார்கள். கிழிக்கக் கூடாது. கத்தியால் பசையை அறுத்தபடி மேலே மடித்து, டேப் போட்டு நிறுத்துங்கள்.

இப்போது ஸ்விட்சை மறுபடி மாட்டி, கண்ணாடியைப் பாதிவரை இறக்குங்கள். கதவின் உள்தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியாகக் கண்ணாடியை ரெகுலேட்டரோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். நிறைய வண்டியில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். போல்ட்டைத் தொடும் முன், அகலமான மாஸ்கிங் டேப்பால் கண்ணாடியை மேல் ஃபிரேமோடு உள்ளும் வெளியுமாக இழுத்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் கடைசி போல்ட் கழன்ற நொடியில் கண்ணாடி கதவுக்குள் தொப்பென்று விழும்.

போல்ட் கழன்றதும் டேப்பை எடுத்துவிட்டு, கண்ணாடியைக் கையால் பிடித்து அடிவரை இறக்குங்கள். ஃபிரேமில் கண்ணாடி ஓடும் சேனல் ரப்பரை உருவுங்கள். குவார்ட்டர் கிளாஸ் உள்ள கதவாக இருந்தால் நடுப்பட்டையின் தலையில் ஒரு ஸ்குரூ, அடியில் போல்ட். அதைக் கழற்றிப் பட்டையைச் சாய்த்தால் குவார்ட்டர் கிளாஸ் ரப்பரோடு முன்னால் வரும். பிறகு பெரிய கண்ணாடியை ஒரு முனை சாய்த்து, திருப்பியபடியே மேலே உருவணும். எந்தப் பக்கமாக வரும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அடம் பிடித்தால் பலம் காட்டாதீர்கள், கோணத்தை மாற்றுங்கள். தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டும்போது கண்ணாடி போல்ட்டையும் பட்டையின் அடி போல்ட்டையும் உடனே இறுக்காதீர்கள். தளர்வாக விட்டு, கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி, சேனலில் சரியாக உட்கார்ந்ததும் இறுக்கணும். கழற்றி மாட்டிய கண்ணாடி கோணலாக ஏறுகிறது என்று என்னிடம் வரும் வண்டிகளில் முக்கால்வாசி இதில்தான் தப்பு.

திருவொற்றியூர்க்காரரே மறுபடியும்: எடுத்த கண்ணாடியை எங்கே வைப்பது?

நல்ல கேள்வி, நான் சொல்லியிருக்கணும். கம்பளியை மடித்துப் போட்டு அதன்மேல் படுக்க வையுங்கள். பக்கக் கண்ணாடி சூடேற்றி இறுக்கிய வகை. நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் ஒரு கல் பட்டால் போதும். ஒருமுறை எங்கள் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த பையன் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, மூலையைச் சிமென்ட் தரையில் ஊன்றினான். "டப்" என்று ஒரு சத்தம். அவன் கையில் ஒன்றுமே இல்லை, தரை முழுக்கக் கற்கண்டு மாதிரி கிடந்தது. பையன் அழுதுவிட்டான். வாங்கிக் கொடுத்தது நான்தான்.

வியாசர்பாடி, பழைய ஆல்ட்டோ: பின்கதவில் கையால் சுற்றும் கைப்பிடி. ஸ்குரூவே காணோம், எப்படிக் கழற்றுவது?

கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பிக் கிளிப் இருக்கிறது. கிழிந்த பனியன் துணியை நாடாவாகக் கிழித்து, கைப்பிடிக்கும் அதன் பின்னால் இருக்கும் வட்டத் தட்டுக்கும் நடுவே விட்டு, ஷூ பாலிஷ் போடுபவர் துணியை இழுப்பது போல மாற்றி மாற்றி இழுங்கள். துணியின் நூல் கிளிப்பின் முனையில் மாட்டி அதைத் தள்ளிவிடும். தள்ளும்போது அது பறக்கும், இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றி, கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டியபின் முழங்காலில் இடிக்கும்.

எண்ணூர், வேகன்ஆர்: கடல் காற்றில் எல்லாம் துரு. போல்ட் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, சார்.

பயம் நியாயம்தான் அம்மா. காசிமேடு முதல் எண்ணூர் வரை ஓடும் வண்டிகளில் கதவின் அடிப்பகுதிதான் முதலில் போகிறது. முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை போல்ட்டில் விட்டு ஊறவிடுங்கள். ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெயோ சிலிக்கான் ஸ்பிரேயோ கண்ணாடியில் ஒரு துளி தெறித்தாலும் அங்கே ஃபிலிம் பிடிக்காது. சேனலுக்கு சிலிக்கான் அடிக்க ஆசைப்பட்டால், ஃபிலிம் நன்றாகக் காய்ந்தபின் துணியில் தொட்டுத் தடவுங்கள்.

இன்னொருவர்: கண்ணாடியை வெளியே எடுத்து மேசையில் வைத்து ஒட்டினால் இன்னும் சுத்தமாக வருமே?

ஓரம் வரைக்கும் ஃபிலிம் வரும், உண்மை. ஆனால் ஒட்டிய கண்ணாடியை ஈரத்தோடு பீடிங் வழியாகத் திரும்ப நுழைக்கும்போது ஓரம் மடங்கும். கண்டெய்னர் லாரி ஓடும் மணலி ரோட்டோரம் திறந்த ஷெட்டில் ஒட்டினால் தூசியும் இலவசம்.

மணலி, எர்டிகா: ஃபிலிம் ஒட்டி மூன்று மாதம். முதல் மழையிலேயே பின்சீட் காலடியில் தண்ணீர். ஃபிலிமுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஃபிலிமுக்கு இல்லை, பேடைக் கழற்றிய கைக்கு உண்டு. வெளி பீடிங் வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது எல்லா வண்டியிலும் நடப்பதுதான். அது அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். உள்பக்கம் வராமல் தடுப்பது அந்த பிளாஸ்டிக் ஷீட். யாரோ அதைக் கிழித்துவிட்டு, ஒட்டாமலேயே பேடை மாட்டியிருக்கிறார்கள். பேடைக் கழற்றி, ஷீட்டைப் புதுப் பசைப் பட்டையால் சுற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள். அடி ஓட்டைகளில் சேறு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இன்றைக்கும் அந்த ஓட்டையைக் குத்தினால் கறுப்பு மண் கொட்டுகிறது.

ராயபுரம், நெக்ஸான்: ஒட்டியபின் எத்தனை நாள் கண்ணாடியை இறக்கக்கூடாது? பின்சீட்டில் பசங்க சும்மா இருக்க மாட்டார்கள்.

நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம். டிரைவர் பக்கம் உள்ள விண்டோ லாக் பொத்தானை அமுக்கிவிட்டால் பசங்க எத்தனை அழுத்தினாலும் வேலை செய்யாது. உள்ளே சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் தெரிந்தால் பதற வேண்டாம், காய்ந்து போகும். விரலால் தடவினால் தட்டுப்படும் மண் துகள் மட்டும் போகாது. அதற்கு அப்போதே கடைக்காரரைப் பிடியுங்கள்.

மற்றொருவர்: கண்ணாடி கழற்றி மாட்டியபின் ஒரே அழுத்தில் மேலே ஏற மாட்டேன் என்கிறது, பாதியில் நிற்கிறது.

மோட்டார் தன் அளவை மறந்திருக்கும். நிறைய வண்டியில் கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு முழுக்க ஏற்றி, ஏறியபின்னும் ஸ்விட்சைச் சில விநாடி விடாமல் இழுத்துப் பிடித்தால் சரியாகிவிடும். உங்கள் வண்டிக்கு என்ன முறை என்பது கையேட்டில் இருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ஐ10: எல்லாம் முடிந்தது, ஃபிலிமும் அழகாக வந்தது. ஆனால் கதவைச் சாத்தும்போது உள்ளே "கிலுங்" என்று சத்தம். என்னவாக இருக்கும் தலைவா?

பத்தாம் நம்பர் போல்ட் ஒன்று உள்ளே விழுந்திருக்கும். பேடைக் கழற்றுங்கள். நூலில் காந்தம் கட்டி அடியில் இறக்குங்கள். இரண்டு போல்ட்டும் அதனதன் இடத்திலேயே இருந்து, மூன்றாவதாக ஒன்று காந்தத்தில் வந்தால், அது முன்னால் வேலை பார்த்தவர் விட்டுவிட்டுப் போனது. என் டப்பாவில் அப்படி ஒரு கைப்பிடி அளவு சேர்ந்திருக்கிறது.