ஆயிரம் சதவீத ஆதரவு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2008-இல் சாரா பேலினைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்காமல் இருந்திருந்தால் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்றிருப்பாரா? 1972-இல் மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற தாமஸ் ஈகிள்டனைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டு ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன் நிக்சனிடம் தோற்றதைப் போன்றதுதானே இதுவும்? அத்தகைய ஒருவரை அதிபர் நாற்காலிக்கு அருகில் அமர்த்த எந்த வாக்காளர் சம்மதிப்பார்?

எம்., மதுரை

அன்புள்ள எம்,

பேலின் இல்லாவிட்டாலும் மெக்கெய்ன் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தச் செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவாலானபோது ஆளுங்கட்சியின் வேட்பாளராக நின்றவர் அவர். அதை அத்துடன் விடுவோம். உங்கள் இரண்டாவது கேள்வியைப் பற்றியே நான் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை நீங்கள் கேட்டிருக்கும் விதம் எனக்குக் கோபத்தையும் தருகிறது.

மெக்கவர்ன் அந்தத் தேர்வுக்கு எவ்வளவு நேரம் செலவிட்டார் தெரியுமா? மயாமி பீச் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் வேட்பாளரான மறுநாளே பெயரைச் சொல்லியாக வேண்டும். எட்வர்ட் கென்னடி மறுத்தார், செனட்டர் மான்டேல் மறுத்தார், வேறு சிலரும் மறுத்தனர். கடைசியில், அதிகம் பழகியிராத மிசௌரி செனட்டர் ஈகிள்டனைத் தொலைபேசியில் அழைத்துச் சில நிமிடங்களில் பேசி முடித்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில், மெக்கவர்ன் வியட்நாம் போருக்குப் போக மறுத்தவர்களுக்கான பொதுமன்னிப்பையும் கருக்கலைப்பையும் கஞ்சாவையும் ஆதரிப்பவர் என்று பெயர் சொல்லாமல் பத்தி எழுத்தாளர் ராபர்ட் நோவாக்கிடம் சொன்ன செனட்டர் இதே ஈகிள்டன்தான் என்பது, அவர் இறந்த பிறகு 2007-இல் நோவாக் வெளியிட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. தன் முதுகில் குத்தியவரையே தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட அவசரம் அது.

மறைக்க வேண்டிய கடந்தகாலம் ஏதும் உண்டா என்று கேட்கப்பட்டபோது ஈகிள்டன் இல்லை என்றார். மனச்சோர்வுக்காக 1960, 1964, 1966 ஆகிய ஆண்டுகளில் மருத்துவமனையில் இருந்ததையும், இருமுறை மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதையும் அவர் சொல்லவில்லை. இதைப் பொய் என்பீர்கள். பொய்தான். ஆனால் என் சித்தப்பா அதே சிகிச்சைக்குப் போன நாட்களில், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் கோயில் யாத்திரை போயிருப்பதாகச் சொல்ல எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவர் திரும்பி வந்து ஓய்வுபெறும்வரை பள்ளியில் கணிதம் நடத்தினார், நன்றாகவே நடத்தினார். நோய் தீர்ந்தவரையும் வாய்திறக்க விடாத ஊரில் வளர்ந்தவன் என்பதால், ஈகிள்டனின் மௌனத்தை உங்களைப்போல் எளிதாக என்னால் எடைபோட முடியவில்லை.

செய்தி பத்திரிகையாளர்களின் கையில் சிக்கியதும் ஜூலை 25 அன்று தெற்கு டகோட்டாவில் ஈகிள்டன் தானே எல்லாவற்றையும் சொன்னார். மெக்கவர்ன் அவரை ஆயிரம் சதவீதம் ஆதரிப்பதாக அறிவித்தார். பிறகு நாளேடுகள் எதிர்த்து எழுதின, கட்சிக்காரர்கள் முணுமுணுத்தனர். மெக்கவர்ன் நேரில் சொல்லாமல், தன் தயக்கத்தைப் பத்திரிகையாளர்கள் வழியாகக் கசியவிட்டார். ஜூலை 31 அன்று, தேர்வான பதினெட்டாம் நாளில், ஈகிள்டன் விலகினார். அவருடைய நோய்வரலாறு தங்கள் வாக்கை மாற்றாது என்று டைம் இதழின் கருத்துக்கணிப்பில் பெரும்பாலானோர் சொல்லியிருந்தார்கள். எந்த வாக்காளர் சம்மதிப்பார் என்று கேட்கிறீர்களே, அவர்கள்தான். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய மெக்கவர்னின் நேர்மையே அவருடைய ஒரே மூலதனம், அது அந்த ஒரு வாரத்தில் கரைந்தது. வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐவர் ஜூன் 17 அன்று பிடிபட்டிருந்த, பின்னாளில் நிக்சனின் பதவியையே பறித்த ஊழல் தொடங்கிய கோடைகாலம் அது. ஆனால் நம்பகத்தன்மையைப் பற்றிய கேள்விகளையெல்லாம் நிக்சனுக்குப் பதிலாக மெக்கவர்னே சந்தித்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். அத்தனையையும் ஈகிள்டன் விவகாரத்தின் கணக்கில் எழுத மாட்டேன். மெக்கவர்ன் முன்பே பின்தங்கித்தான் இருந்தார். ஆனால் ஈகிள்டனின் நோயால் தோற்றார் என்று நீங்கள் எழுதுவதற்கு ஆதாரம் எங்கே? ஈகிள்டனை அணுக்கமாக அறிந்த மிசௌரி வாக்காளர்கள் 1974-இலும் 1980-இலும் அவரையே செனட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன், 1973-இல், கம்போடியா மீதான அமெரிக்கக் குண்டுவீச்சுக்கு நிதியை நிறுத்தக் கோரிய திருத்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். உங்கள் அடுத்த கடிதத்துக்கு முன் அந்தச் செனட் விவாதங்களைப் படித்துவிடுங்கள்.