கீழடி எத்தனை ஆண்டு பழையது? மகளுக்கு இணையத்தில் தேடச் சொல்லிக்கொடுங்கள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கீழடி அகழாய்வு பற்றி ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். கேள்வியை அப்படியே கூகுளில் போட்டு, முதலில் வருவதை எழுதிக்கொள்கிறாள். ஒரு தளத்தில் 2,200 ஆண்டு, இன்னொன்றில் 2,600 ஆண்டு என்று இருக்கவே குழம்பிப்போனாள். முறையாகத் தேட எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: அந்தக் குழப்பத்திலிருந்தே ஆரம்பியுங்கள். எது சரி என்று நீங்கள் சொல்லிவிட வேண்டாம். இந்த எண்ணை யார், எப்போது, எதை வைத்துச் சொன்னார்கள் என்று அவளையே தேடச் சொல்லுங்கள்.

தேடினால் அவளுக்குக் கிடைப்பது இதுதான். 2014-15இல் கீழடியில் அகழாய்வைத் தொடங்கியது இந்தியத் தொல்லியல் துறை. அவர்கள் எடுத்த மாதிரிகளின் கார்பன் காலக்கணிப்பு (பொருளில் மிஞ்சியிருக்கும் கார்பனை அளந்து வயதைக் கணிக்கும் முறை) முடிவு 2017இல் வந்தது. வயது ஏறக்குறைய 2,200 ஆண்டு. அகழாய்வின் நான்காம் கட்டத்தை நடத்தியது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை. அப்போது 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் வெளியான அறிக்கை சொல்கிறது. அங்கிருந்து வந்ததுதான் 2,600. மாதிரி வேறு, அதனால் எண்ணும் வேறு. இரண்டையும் காரணத்தோடு எழுதினாலே ப்ராஜெக்ட் தனித்துத் தெரியும். கூகுளில் மேலே வரும் ஏஐ சுருக்கம் ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்திவிடக்கூடும். அதோடு அவள் நிற்கக் கூடாது.

சரி, எப்படித் தேடுவது? நல்ல கட்டுரையில் எந்தச் சொற்கள் இருக்குமோ அவற்றைப் போட வேண்டும்: 'கீழடி கார்பன் காலக்கணிப்பு அறிக்கை' என்பதுபோல. தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. ஆங்கிலத்தில் கீழடியின் ழகரத்தைச் சிலர் 'இசட்-எச்' என்றும் சிலர் 'எல்' என்றும் எழுதுகிறார்கள்; இரண்டையும் தேடினால்தான் எல்லாம் அகப்படும். அரசுத் தளங்கள் மட்டும் போதுமென்றால், தேடும் சொல்லுக்குப் பின் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'ஜிஓவி டாட் இன்' என்று சேர்க்கலாம்.

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாராளமாகப் படிக்கட்டும். அப்புறம் கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து, அங்கிருந்து குறிப்பெடுக்கட்டும்.

முன்பின் தெரியாத தளமா? அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து நம்பலாமா என்று யோசிப்பதில் பயனில்லை. புதிய டேப் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்களையும் கல்லூரி மாணவர்களையும் செய்தி சரிபார்ப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சரிபார்ப்பவர்கள்தான் முந்தினார்கள், அவர்கள் கையாண்ட வழி இதுவே.

எடுக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்திலேயே லிங்க்கையும் பார்த்த தேதியையும் நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எழுத உட்காரும்போது டேப்களை மூடிவிட்டு, அந்தக் குறிப்புகளை மட்டும் பார்த்துத் தன் வார்த்தையில் எழுதட்டும். நடை கொஞ்சம் கரடுமுரடாக வந்தாலும் நீங்கள் திருத்த வேண்டாம்.