பை 5-இல் கேமரா, கார்டு, எஸ்எஸ்டி: கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் ராஸ்பெரி பை 5 என்ற சின்னக் கணினி போர்டை வைத்துப் படமெடுக்கிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கல்லூரி மாணவர், காரைக்குடி: பை 4-இல் ஓடிய கேமராவின் கேபிள் பை 5-இல் நுழையவே இல்லை.

நுழையாது தம்பி. பை 4-இல் 15 பின், பை 5-இல் 22 பின். கேமரா பக்கம் 15, போர்டு பக்கம் 22 உள்ள கேபிள் தனியாகக் கிடைக்கும். பவரை அணைத்துவிட்டு மாட்டுங்கள். யூஎஸ்பி போல ஓடும்போதே செருகுகிற போர்ட் அல்ல இது.

டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி: ஒவ்வொரு டைல்ஸையும் கேமரா மாட்யூல் 3-இல் படமெடுத்துப் பழுது பார்க்கிறோம். ஒன்று தெளிவு, அடுத்தது மங்கல்.

கண்ணாடி மேல் வார்க்கிற டைல்ஸ், முகம் பளபளக்கும். மேலே உள்ள டியூப்லைட் அதில் தெரியும். ஆட்டோஃபோகஸ் சில நேரம் டைல்ஸில் உள்ள பூ வேலையை விட்டுவிட்டு அந்தப் பிம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கேமராவின் உயரம் மாறுவதில்லையே, பிறகு எதற்கு ஆட்டோ? மேனுவலுக்கு மாற்றி லென்ஸ் பொசிஷனை நீங்களே கொடுங்கள். 1-ஐ மீட்டர் கணக்கில் தூரத்தால் வகுத்தால் அந்த எண் வரும். அரை மீட்டர் என்றால் 2. அங்கிருந்து கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். விளக்கை இரண்டு பக்கமும் சாய்வாக வையுங்கள்.

தேவகோட்டை: கேமரா தெரியவில்லை.

முதல் பதிலைப் பாருங்கள். பவரை அணைத்துவிட்டு.

கானாடுகாத்தான் ஆச்சி: வீட்டுப் பழைய பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கிறேன். கரண்ட் போய் வந்தால் பெட்டி எழுந்திருப்பதில்லை.

ஆச்சி, படங்களை எஸ்டி கார்டில் எழுதாதீர்கள். சின்னக் கோப்பை எழுதினாலும் கார்டு உள்ளுக்குள் பெரிய தொகுதியாக அழித்து, இடம் மாற்றி எழுதும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் அதுவே திருத்தும். அந்த நொடியில் கரண்ட் போனால் நீங்கள் தொடாத கோப்பும் போய்விடும். படங்கள் எஸ்எஸ்டி என்கிற தனி டிரைவுக்குப் போகட்டும்.

புதுவயல்: அண்ணே, என் கார்டு வருஷக்கணக்கில் நன்றாக ஓடுகிறது. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

உங்கள் கேமரா வாசலைப் பார்க்கிறது, எப்போதாவது ஒரு படம் எழுதுகிறது. ஆச்சியுடையது நாள் முழுக்க எழுதுகிறது. இரண்டும் ஒன்றா? பேரேட்டின் ஓரம் உதிர்ந்துவிட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி எடுக்க முடியாது.

மறுபடியும் புதுவயல்: கார்டில் எதையும் எழுதவிடாத ஓவர்லே அமைப்பைப் போட்டால் கார்டே போதுமே?

சிஸ்டத்தைக் காப்பாற்ற அது நல்ல வழி, நானும் போடச் சொல்வேன். ஆனால் எழுதுவதெல்லாம் ரேமுக்குப் போகும், ரீபூட் ஆனால் காணாமல் போகும். படத்துக்குத் தனி டிரைவ் வேண்டும்தான்.

பள்ளத்தூர்: யூஎஸ்பி எஸ்எஸ்டி நடுவில் காணாமல் போகிறது.

அடாப்டர் 3 ஆம்பியரா? அப்படியென்றால் எல்லா யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான். 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள்.

கோட்டையூர்: கேமரா தெரியவில்லை, கேபிள் புதுசு.

திருப்பி மாட்டியிருப்பீர்கள். அணைத்துவிட்டுப் பாருங்கள்.

காரைக்குடி: எந்த போன் வாங்கலாம்?

போன் கடையில் கேளுங்கள்.

செக்காலை: என்விஎம்இ வகை எஸ்எஸ்டி-யிலிருந்து பூட் ஆகவில்லை. ஃபர்ம்வேர் அப்டேட் செய்யப் பயமாக இருக்கிறது.

அந்த ஃபர்ம்வேர்தான் பூட்லோடர், போர்டைத் துவக்குகிற நிரல். போர்டிலேயே ஈப்ராம் என்ற சிப்பில் இருக்கிறது. பூட் ஆர்டர் எண்ணை அது வலமிருந்து இடமாகப் படிக்கும்: 6 என்விஎம்இ, 1 கார்டு, 4 யூஎஸ்பி. கடைசி இலக்கம் 6 என்றால் முதலில் எஸ்எஸ்டி-யைத் தேடும். அப்டேட் கெட்டுப்போனாலும் போர்டு வீணாகாது. ராஸ்பெரி பை இமேஜரில் பூட்லோடர் மீட்புக்கென்றே ஒரு இமேஜ் உண்டு. அதை வேறு கார்டில் எழுதிப் போட்டு ஆன் செய்யுங்கள். திரை முழுக்கப் பச்சையானால் பூட்லோடர் திரும்பிவிட்டது.