கழன்ற கல் பட்டை: ஹார்டனரைக் கூட்டினால் ஒட்டுமா?

சமையல் மேடையின் மார்பிள் பலகை தடிமனாகத் தெரிய வேண்டும் என்று, அதன் ஓரத்தில் அடிப்பக்கமாகச் செயற்கை குவார்ட்ஸ் பட்டை ஒட்டியிருக்கிறார் ஒரு வாசகர். நான்கே மாதத்தில் சிங்க் பக்கம் பட்டை கழன்றுவிட்டது. “எபாக்ஸிதான் போட்டேன், இந்த முறை ஹார்டனரைக் கூட்டிப் போடுகிறேன்” என்கிறாராம் வேலை செய்தவர். சம்மதிக்கலாமா என்று கேட்கிறார்.

சம்மதிக்காதீர்கள். எபாக்ஸி இரண்டு பாகமாக வரும் பசை: ஒன்று ரெசின், மற்றது அதை இறுக வைக்கும் ஹார்டனர். இரண்டும் கணக்காக ஜோடி சேர்ந்தால்தான் இறுகும். கூடுதலாக ஊற்றிய ஹார்டனர் ஜோடியில்லாமல் உள்ளேயே தங்கிப் பசையின் வலுவைக் குறைக்கும். டப்பாவில் உள்ள விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று பார்த்து, அதன்படி மட்டும் கலக்க வேண்டும்.

வேலை செய்தவரின் பேச்சே எனக்குச் சந்தேகம் தருகிறது. ஹார்டனரைக் கூட்டிக் குறைப்பது, கல் ஒட்டும் இன்னொரு பசையான பாலியெஸ்டர் மாஸ்டிக் பூசுகிறவர்களின் பழக்கம். பெரிய டப்பாவில் பேஸ்ட், கூடவே சின்ன ட்யூபில் ஹார்டனர், 100-க்கு 2 அல்லது 3 பங்கு என்றால் அது மாஸ்டிக். நெடி மூக்கைத் துளைக்கும், சில நிமிடங்களில் இறுகும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இறுகும்போது சுருங்கும்; ஈரம் படும் இடத்தில் நாளடைவில் பிடி விடும். எபாக்ஸியிலோ இரண்டு பாகமும் கணிசமாக இருக்கும்: 1-க்கு 1, அல்லது 2-க்கு 1. எபாக்ஸிக்குக் காசு வாங்கிக்கொண்டு மாஸ்டிக்கைப் பூசிவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். டப்பாக்களிலும் ‘கல் ஒட்டும் பசை’ என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது; உள்ளே என்ன ரெசின் என்பது பொடி எழுத்தில். அதை முகப்பில் அச்சிட வைக்க யாருக்கும் அக்கறையில்லை. உங்கள் கண்ணெதிரே டப்பாவைத் திறந்து கலக்கச் சொல்லுங்கள்.

சரி, கழன்ற பட்டையைத் திருப்பிப் பாருங்கள். பசை கண்ணாடித் தகடு போல வழவழப்பாக இருந்தால், அது கல்லைப் பிடிக்கவே இல்லை. பாலிஷ் மேலேயோ தூசி மேலேயோ பூசியிருக்கிறார்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டு, இரண்டு முகங்களையும் வைர வட்டால் சொரசொரப்பாக்க வேண்டும். குவார்ட்ஸ் தூள் நுரையீரலைக் கெடுக்கும், அதனால் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும். அப்புறம் ஒரு நாளாவது காயவிட்டு, அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். மார்பிள் மேலே உலர்ந்து தெரியும், துளைகளுக்குள் ஈரம் இருக்கும்.

பசையில் கட்டம் கட்டமாக நூல் தெரிந்தால் கதையே வேறு. உடையாமல் இருக்க மார்பிள் பலகையின் அடியில் ரெசின் பூசிக் கண்ணாடியிழை வலை ஒட்டி அனுப்புவார்கள். அதன் மேல் எவ்வளவு நல்ல எபாக்ஸி போட்டாலும் அது வலையைத்தான் பிடிக்கும். வலை கல்லை விட்டால் பட்டையும் போய்விடும். பட்டை உட்காரும் அகலத்துக்கு மட்டும் வலையைத் தேய்த்து எடுங்கள். விரல் நகத்தால் கீறும்போது நூல் தட்டாமல் கல் தட்ட வேண்டும். வலை முழுவதையும் உரித்துவிடாதீர்கள், பலகையின் பலமே அதில்தான்.

பசை பூசிப் பட்டையை வைத்ததும், அதை அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை மிக இறுக்கி முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும், இடையில் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஓரத்தில் மெல்லிய கோடாகப் பிதுங்கினால் போதும். கையுறை போடுங்கள், எபாக்ஸி தோலுக்கு ஒவ்வாமை தரும். மறுநாள் தொட்டால் கல்லாக இருக்கும். முழு வலு வர 25 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் சாய்ந்து நிற்காதீர்கள், தண்ணீரும் படவிடாதீர்கள்.