ரவிவர்மாவின் 'விளக்கேந்திய பெண்' ஓவியம் போல மனைவியை ஸ்டுடியோவில் படமெடுக்க எத்தனை லைட் வேண்டும்?

முதலில், அது ரவிவர்மா வரைந்ததே இல்லை. எஸ்.எல். ஹல்தங்கர் என்ற மராட்டிய ஓவியர் 1945-46இல் தன் மகளை நிற்கவைத்து வரைந்த நீர்வண்ண ஓவியம்: ஒரு கையில் விளக்கு, மறு கையால் சுடரை மறைத்தபடி நிற்கும் பெண். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. ரவிவர்மா 1906லேயே காலமாகிவிட்டார். 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு' என்று சிலர் வருவார்கள். படமெடுத்துப் பிழைக்கிறவன் நான். ஒருத்தர் உழைப்புக்கு இன்னொருத்தர் பெயர் போட்டால் சும்மா இருக்க முடியவில்லை.

லைட் ஒன்று போதும். நீங்கள் இரண்டு சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும், துணி மூடிய பெட்டி) போட்டுப் பார்த்து, கல்யாண ஆல்பம் மாதிரி வந்திருக்கும். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான்கு வருடம் முன்பு, கார்த்திகை சமயத்தில், அக்கா மகளை வைத்து இதை எடுத்தேன். நிஜச் சுடரில்தான் எடுப்பேன் என்று பிடிவாதம். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800, அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 2.8. அதற்கே ஷட்டர் அரை நொடிக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டியிருந்தது. அவள் மூச்சு விட்டாலே படம் கலங்கியது. மேலுதட்டில் வியர்வை அரும்பிவிட்டது. 'மாமா, உள்ளங்கை சுடுது' என்றாள். பார்த்தால் கை கன்றிச் சிவந்திருந்தது. விளக்கை அணைத்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் சங்கடம்தான்.

மறுநாள் சுடர் இருக்கவேண்டிய இடத்தில் 3 வாட் மஞ்சள் எல்இடி பல்பை வைத்து, வயரை முந்தானைக்குள் விட்டேன். ஷட்டர் 1/50 நொடிக்கு வந்தது. ஆனால் விரலிடுக்கு வழியாக வெளிச்சம் கசிந்து தாடையில் வெள்ளைக் கோடு கோடாக விழுந்தது. விரல்களை நெருக்கி வைக்கச் சொன்னேன். அப்போதுதான் வந்தது: விரல் ஓரமெல்லாம் மாதுளை முத்து மாதிரி உள்ளிருந்து சிவந்தது. அந்த ஓவியத்தின் உயிரே அந்தச் சிவப்புதான். ஆறடி தள்ளி ஒரு தெர்மோகோல் அட்டை, நிழல் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி விழ அவ்வளவே. கேமரா நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் மஞ்சளைத் தின்றுவிடும்.

ஃப்ளாஷில் ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) ஒட்டியும் எடுக்கலாம், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் எரிந்துகொண்டே இருக்கும் பல்பில்தான் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்த்த முடியும்.

பிரிண்டுக்கு அனுப்பினேன். லேபில் கரெக்‌ஷன் போட்டு, மஞ்சளை எடுத்து, முகத்தை வெளுத்து அனுப்பினார்கள். அவள் மாநிறம். அக்கா பார்த்துவிட்டு 'யார்றா இது?' என்றாள். லேபை மட்டும் சொல்லிப் பயனில்லை. 'பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்கண்ணே' என்று கல்யாணப் பெண் பக்கத்தில் நிற்கும்போதே அவள் அம்மா கேட்கிறார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்ளும். இருபது வருடமாக இதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது. ஏற்றித் தரமாட்டேன் என்று சொல்லி இரண்டு ஆர்டர் போனது, போகட்டும்.

இரண்டாம் முறை நானே லேபுக்குப் போய், மிஷின் பக்கத்திலேயே நின்று வாங்கிவந்தேன். முகத்தில் பாதி இருட்டு, அவளுடைய நிறம் அப்படியே. அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

உங்களுக்கு வயர் தொல்லை வேண்டாம். பேட்டரியில் எரிகிற சின்ன பல்பே கிடைக்கிறது. மஞ்சளாகப் பார்த்து வாங்குங்கள்.