பாட்டில் மாறினால் அளவும் மாறும்: மருந்து கேள்வி–பதில்

கேள்வி: 10 கிலோ எடையுள்ள எங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, டாக்டர் பாராசிட்டமால் சிரப் 6 மில்லி கொடுக்கச் சொன்னார். இப்போது வேறு கம்பெனி பாட்டில் வாங்கியிருக்கிறோம். அதே 6 மில்லி கொடுக்கலாமா?

பதில்: லேபிளைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். பாட்டில் சின்னதாக இருப்பதால் மருந்தும் லேசானது என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றிலும் அதுதான் வீரியம் கூடியது.

ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான கணக்கு. உங்கள் குழந்தைக்கு 150 மில்லிகிராம். அதாவது 120 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. 250 சிரப்பில் 6 மில்லி கொடுத்தால் இரண்டு மடங்கு ஆகிவிடும். சொட்டு மருந்தில் என்றால் நான்கு மடங்கு. ஆகவே டாக்டரிடம் "எத்தனை மில்லி?" என்பதோடு "எத்தனை மில்லிகிராம்?" என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். சளி மருந்து சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அளவு மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல். முதல் நாள் குழந்தை நன்றாகவே விளையாடிக்கொண்டிருக்கலாம் என்பதால், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சமையலறை ஸ்பூனை மறந்துவிடுங்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும்.

கேள்வி: அப்பாவுக்கு மாத்திரையை முழுங்க முடியவில்லை. பொடித்துக் கொடுக்கலாமா?

பதில்: பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் கூடாது. 12 அல்லது 24 மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக வெளிவர வேண்டிய மருந்து மொத்தமாக ரத்தத்தில் இறங்கிவிடும். அமிலத்தில் கரையாத மேல்பூச்சுள்ள மாத்திரையைப் பொடித்தாலும் பூச்சின் பயன் போய்விடும். பல மருந்துகள் திரவமாகவும் கிடைக்கின்றன. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கச் சொன்ன நைட்ரோகிளிசரின் மாத்திரையை அம்மா தண்ணீரோடு விழுங்கிவிட்டார். பலன் இருக்குமா?

பதில்: பெரிதாக இருக்காது. விழுங்கிய மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கேயே இதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். நாக்கின் அடியில் வைத்தால் நேரே ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வேலை செய்யும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும், அதனால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: இன்சுலின் சிரிஞ்ச் எதுவாக இருந்தாலும் 20 கோடு வரை இழுத்தால் 20 யூனிட்தானே?

பதில்: இல்லை. குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்றால் 40 என்று குறித்த சிரிஞ்ச், 100 யூனிட் என்றால் 100 என்று குறித்த சிரிஞ்ச். 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், சர்க்கரை ஏறும். 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் இழுத்தால் 50 யூனிட். சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் பாருங்கள்.